எனக்கு முன்னால் மூத்தவள்

வடபழனியில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்த்த டீச்சர் தன் மகளுக்குச் செய்தது. வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்ற பெண் எனக்குப் பன்னீர் தெளித்துவிட்டு, எனக்குப் பின்னால் படியேறி வந்த என் தங்கையைக் காட்டி, "அம்மாவுக்கு மூச்சு வாங்குது பாருங்க, அந்த ஃபேன் கீழ உட்கார வைங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கு யாரு அம்மா? கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அவ என் தங்கச்சி. எனக்கு மூணு வயசு சின்னவ" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தங்கை என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். "விடுக்கா, மானத்தை வாங்காத. சாப்பிட்டுப் போலாம் வா" என்று என்னைப் பந்திக்கு இழுத்துப் போனாள்.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் பார்த்தபோது கோபம் போய்ப் பயம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. முன் தலை முழுக்க வெள்ளை. கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. சாம்பாரைப் பிசைகிற விரல்களின் கணுக்கள் வீங்கியிருந்தன. மாதாமாதம் வருவது அவளுக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இன்னும் நிற்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இவள் மட்டும் எந்தக் குறுக்கு வழியில் என்னை முந்திக்கொண்டு போனாள்? பாயசத்தை நான் தொடவே இல்லை.

அப்பா கார்ப்பரேஷனில் சாக்கடை வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நாங்கள் எஸ்.சி. இப்போது தலித் என்கிறார்கள். அப்போது ஆபீஸ்களில் "அந்த லிஸ்ட்" என்பார்கள், தெருவில் சொல்வது வேறு. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அடையாறு தாண்டி ஹவுசிங் போர்டு வீடு. மொட்டை மாடியில் நின்றால் ஊரூர் குப்பத்துக் கட்டுமரங்கள் தெரியும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். ஆக வீட்டில் அப்பா, நான், கல்யாணமே வேண்டாம் என்று நின்றுவிட்ட தங்கை, மூன்று பேர்தான்.

நான் படித்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு டீச்சர் வேலை. அங்கே பாதிப் பேர் எங்கள் ஆட்கள், மீதிப் பேர் எங்கள் பிள்ளைகளோடு மாரடித்தே பழகினவர்கள். கத்துவேன், சிரிப்பேன், அடுத்தவள் டப்பாவில் கையை விட்டுத் தின்பேன். தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி. பரீட்சை எழுதி மயிலாப்பூரில் ஒரு பெரிய ஆபீஸில் போய் உட்கார்ந்தாள். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. அங்கே கெட்டவர்கள் என்று யாரும் கிடையாது. கஷ்டமே அதுதான்.

விடிவதற்கு முன்னால் எழுந்து அவள் சமைப்பாள். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு உசிலி, எலுமிச்சம்பழ சாதம். வாசனை மாடி வீடு வரைக்கும் போகும். நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்குப் பெரிய டப்பாவில் கட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் அதில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். ராத்திரிக்கு நாங்கள் அதைச் சாப்பிடுவோம். எங்களுக்காக மிச்சம் பிடித்துக் கொண்டுவருகிறாள் என்றுதான் நானும் அப்பாவும் நினைத்தோம்.

"இன்னாம்மா இது, தெனைக்கும் கோயில் பிரசாதம்? ஒரு நாளாவது ஒரு துண்டு கருவாடு கண்ணுல காட்டக் கூடாதா?" என்று அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவார். "புடவையில வாசனை ஏறிக்கும்ப்பா. நான் ஆபீஸ் போகணும்" என்பாள் அவள். "ஆபீசரம்மா உத்தரவு" என்று அப்பா இடது கையால் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, மோர்க்குழம்பில் கையை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு கதை. அப்பா குப்பத்துக்குப் போய் வஞ்சிரமோ நண்டோ வாங்கி வருவார். பூண்டைத் தட்டிப் போட்டு நான் குழம்பு வைப்பேன். தங்கை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நண்டு ஓட்டைக் கடித்து உறிஞ்சி, மறு சோறு போட்டுக்கொண்டு, சாப்பிட்ட இடத்திலேயே சிமெண்டுத் தரையில் சுருண்டு தூங்கிப் போவாள். அப்படித் தூங்கும்போது பார்த்தால் அவள் வயசு சரியாகத் தெரியும். திங்கட்கிழமை விடிந்தால் போச்சு, மறுபடியும் முகம் இறுகிக்கொள்ளும்.

தலைக்கு டை அடித்துக்கொள்ளடி என்று தி. நகரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரன் ஆசையாக நாலு பெட்டியை எடுத்துப் போட்டான். அவள் கையால் தொடவில்லை. "டை அடிச்சா, இவளுக்கு இதெல்லாம் வேறன்னு பேசுவாங்கக்கா" என்றாள். யார் பேசுவார்கள் என்று கேட்டால் கடை வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "அப்ப அடிக்காம கெழவியாவே போ. எவன் பேசறான்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தேவையே இருக்கவில்லை. வீம்புக்கு வாங்கியது.

ஆபீஸ் பரீட்சையில் அவள் முதலாவதாக வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி கையைப் பிடித்துக் குலுக்கி, "உனக்கென்னம்மா, ரூல் இருக்கு, ப்ரமோஷன் தானா வரும். பரீட்சைக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று சொன்னாளாம். தங்கை அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அவளைக் கட்டி இழுக்காத குறையாக டாக்டரிடம் கொண்டுபோனேன். லஸ் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர். வீட்டில் உருது பேசுகிறவர்கள். டாக்டரம்மாவின் தமிழோ அசல் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுத் தமிழ். கையில் பட்டையைக் கட்டிக் காற்றை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். முகம் மாறியது. "இவ்வளவு பிரஷரை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடறீங்க?" என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். துணைக்கு வந்திருந்த அப்பா, "எனக்குக் கட்டிப் பாரும்மா" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். எழுபதைத் தாண்டின மனுஷன். கட்டிப் பார்த்த டாக்டர், "பெரியவரே, உங்களுக்கு வாலிபப் பையன் பிரஷர்" என்றார். அன்றைக்கு அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னார்.

அப்பாவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவரோடு குழியில் இறங்கினவர்களில் பாதிப் பேர் ஐம்பதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். இவர் எப்படித் தப்பினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று. அவரை முகத்துக்கு நேராகத் திட்டினார்கள். அவரும் அதே இடத்தில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கூட்டாளிகளோடு உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் தங்கையை யாரும் திட்டியதில்லை. அவள் யாரிடம் போய் என்னத்தைத் திருப்பிக் கொடுப்பாள்?

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "தினம் காலையில ஒண்ணு. இது நீர் மாத்திரை. போட்டா அடிக்கடி பாத்ரூம் போக வேண்டி வரும், அதுக்காகப் பயப்படாதீங்க. உப்பைக் குறைங்க. பூண்டு நிறைய சேர்த்துக்குங்க." பூண்டு என்றதும் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மாதாமாதம் மாத்திரையை நானே மருந்துக் கடையில் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். ஞாயிறு காலையில் போய்க் காட்டுவோம். "கொஞ்சம் கூடுதல்தான், பயப்படும்படி இல்ல" என்பார் டாக்டர். அப்பாடா என்று திரும்பி வருவேன். ஆனால் தலைவலி போகவில்லை. படியேறினால் மூச்சு வாங்குவதும் போகவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்கிறார், முகத்தைப் பார்த்தால் வேலை செய்த மாதிரி இல்லை. எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூட வேலையாக மயிலாப்பூர் போனேன். வேலை முடியும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவள் ஆபீஸ் மாடி ஏறினேன். சாப்பாட்டு நேரம். நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். டப்பாக்கள் கைமாறிக்கொண்டிருந்தன. "உங்காத்துத் தொகையல் என்னமா இருக்கு!" "இந்தா, நீயும் கொஞ்சம் போட்டுக்கோ." தங்கையின் தட்டிலும் போட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவளுடைய பெரிய டப்பா திறந்தபடி அவள் முன்னால் இருந்தது. அதை விரல் நுனியால் மெல்ல மேஜை நடுவுக்குத் தள்ளினாள்.

"மோர்க்குழம்பு மேடம்" என்றாள்.

"ஐயோ, இன்னிக்கு எனக்கு வயிறே சரியில்லம்மா" என்றார் ஒருவர். "பார்த்தாலே நன்னா இருக்கு. நாளைக்குப் போட்டுக்கறேன்" என்றார் இன்னொருவர். பேச்சு புடவைத் தள்ளுபடிக்குப் போய்விட்டது. தங்கையின் டப்பா தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ராத்திரி ராத்திரி நாங்கள் உட்கார்ந்து தின்றது இதைத்தானா! உள்ளே புகுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கிவிட்டேன். சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லக்கா. அவங்க ரொம்ப நல்லவங்க. எனக்குக் குடுக்கறாங்க இல்ல?" என்றாள். "குடுப்பாங்கடி. உன்னுத வாங்கி வாயில போடுறாங்களா?" என்றேன். அவள் எழுந்து போய் மறுநாளைக்குப் புளியை ஊறப்போட்டாள்.

மழைக்காலம் ஆரம்பித்த வாரம் அது நடந்தது. வழக்கமான நேரத்துக்கு வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கியவள், செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். "அக்கா, மத்தியானத்துல இருந்து இந்தக் கை என் கை மாதிரியே இல்லக்கா" என்றாள். பேச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. வலது கை தொங்கியது. கைப்பையை இடது தோளில் மாட்டியிருந்தாள்.

"மத்தியானத்துல இருந்தா? இம்மா நேரம் இன்னாடி பண்ணிகினு இருந்த? அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"பாதியில எழுந்து வந்தா நல்லா இருக்காதுக்கா."

வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு, ஆபீஸ் விடுகிறவரை உட்கார்ந்திருக்கிறாள். பிறகு கூட்டத்தில் ஏறி, கம்பியை ஒரு கையால் பிடித்து நின்றுகொண்டே வந்திருக்கிறாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த அப்பா அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு. சின்னதுதான், தப்பித்தாள் என்றார்கள். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், ஆனால் இன்னொன்று வந்தால் எங்களால் சொல்ல முடியாது என்றார்கள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்து அவள் பீரோவைத் திறந்தேன். புடவை அடுக்கை இழுத்ததும் மாத்திரை அட்டைகள் பொலபொலவென்று காலில் கொட்டின. எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றிரண்டுதான் உரித்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்க் கத்தாமல்தான் கேட்டேன். கத்த எனக்குத் தெம்பில்லை. "ஞாயித்துக்கிழமை போட்டுக்கிட்டேன்க்கா" என்றாள். "மத்த நாளு?" ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதைப் போட்டா மணிக்கு ஒரு தரம் எழுந்திருக்கணும். பாத்ரூம் ஹால் கடைசியில இருக்குக்கா. எல்லார் சீட்டையும் தாண்டிப் போகணும்."

"போனா இன்னாடி?"

அப்போதுதான் சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாராம். அவளிடம் இல்லை. அவள் காதில் விழுந்தது. "இந்த லிஸ்ட்ல வர்றவங்க சீட்ல உட்கார மாட்டாங்க சார்." அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை. அன்றிலிருந்து இவள் சீட்டை விட்டு எழுந்ததில்லை. எழ வேண்டி வருமே என்று ஆபீஸில் தண்ணீர் குடிப்பதில்லை. காய்ச்சல் என்றாலும் லீவு போட்டதில்லை. மற்றவர்கள் ஒரு தரம் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதை இவள் மறுபடி மறுபடி கூட்டிப் பார்ப்பாள். ஒரு தப்புக்கூட யார் கண்ணிலும் படக் கூடாது. மாத்திரையையும் அதற்காகத்தான் விட்டிருந்தாள்.

அடப்பாவி, மூத்திரத்துக்குப் பயந்து ஒருத்தி சாவாளா! எனக்கு முதலில் சிரிப்புகூட வந்துவிட்டது. பிறகு அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு லஸ் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தூரத்துல பஸ் வர்றதைப் பார்த்தா பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடத் தயாரா நிக்கறோம் இல்ல? இவங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கறாங்க. வருஷக்கணக்கா. பஸ் வந்து சேரவும் இல்ல, இவங்க உட்காரவும் இல்ல. இதயம் அடிச்சுக்கிட்டே இருக்கு, ரத்தக் குழாய் முறுக்கிக்கிட்டே இருக்கு. அறுபது வயசுல ஆக வேண்டியது இப்பவே ஆயிடுச்சு" என்றார். பிறகு, தன் கதையையும் சொன்னார். கிளினிக் வைக்க இந்தப் பக்கம் இடம் தேடினபோது, போனில் நன்றாகப் பேசுவார்களாம். நேரில் போய்ப் பெயரைச் சொன்னதும், இப்போதுதான் வேறு ஒருத்தருக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டோம் என்பார்களாம். "அப்படி ஒரு வீட்டுல இருந்து திரும்பி வந்ததும் என் பிரஷரை நானே பார்த்தேன். ரெண்டு நாள் இறங்கல."

"போன வயசு திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது வராதும்மா. இனிமே போகாம பார்த்துக்கலாம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா அடுத்ததை என்னால தடுக்க முடியாது."

ஒரு மாதம் மெடிக்கல் லீவு. பன்னிரண்டு வருஷத்தில் முதல் லீவு. தினமும் காலையில் மாத்திரையை உரித்து நானே அவள் வாயில் போட்டு, ஆ காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். கை லேசாக மடங்க ஆரம்பித்தது. காலை இழுத்து இழுத்து நடந்தாள். எனக்கு அது கவலையில்லை. லீவு முடிந்து அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வாள்? அங்கே யார் ஆ காட்டச் சொல்வது? "ஆபீஸ் போனாலும் போடுவியாடி?" என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், அப்பா குப்பத்துப் பக்கம் போயிருந்தபோது, ஆபீஸ்காரர்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ரிடையர் ஆக இருந்த மூத்த மேடமும் பக்கத்து சீட்டுக்காரிகள் இரண்டு பேரும். ஆட்டோ வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் தங்கைக்குப் பதற்றம் வந்துவிட்டது. "அக்கா, காபி போடாத. கீழ கடையில கலர் பாட்டில் வாங்கிட்டு வந்துடு. பாட்டில்னா குடிப்பாங்க. மூடியை அவங்க முன்னாலயே திற" என்றாள். மூடி போட்ட பாட்டிலில் எங்கள் கை படாது. எவ்வளவு விவரமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்! எனக்கு வீம்பு ஏறியது. நல்ல பாலாக வாங்கி வைத்திருந்தேன், புது டிகாக்ஷன். எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க மூன்று காபி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தேன்.

வந்தவர்கள் பாசமாகத்தான் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. மூத்த மேடம் கோயிலில் இவள் பேருக்கு அர்ச்சனை செய்து குங்குமம் கொண்டுவந்திருந்தார். "என்னடி இது, இப்படி ஆயிடுத்தே உனக்கு" என்று அவர் கண் கலங்கினார். இவள் நெற்றியில் அவரே குங்குமம் இட்டார். "காபி எடுத்துக்குங்க மேடம்" என்றேன். "இப்பதான் கிளம்பறச்சே ஆத்துல குடிச்சேன்" என்றார். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். காபியில் ஆடை படிய ஆரம்பித்தது.

தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மேலுதட்டில் வேர்த்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இடது கை போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டையும் நெருக்கி வைத்திருந்தாள். ஐயோ, காலையில் நான் போட்ட மாத்திரை! பாத்ரூம் கதவு அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால். மூன்று பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். போறியா என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, ஆபீஸில் பெயிண்ட் அடித்துவிட்டார்களா என்று மேடத்திடம் கேட்டாள். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்றேன். இவ ஏன் இப்படிப் படுத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "அக்கா!" என்றாள் தங்கை. நான் நிறுத்தவில்லை. மாத்திரை, பாத்ரூம், அந்த அதிகாரி சொன்ன ஒரு வரி, எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

மூத்த மேடம் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அவரா? அவர் ரிடையர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு! மனுஷர் போயே சேர்ந்துட்டார்" என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "நாங்க யாராவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கோமாடி? நீ எத்தனை தரம் எழுந்து போறேன்னு யார் பார்த்தா?" அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மூன்று டம்ளரும் வைத்தது வைத்தபடி ஸ்டூலில் இருந்தன.

தங்கை அந்த டம்ளர்களைப் பார்த்தாள். அப்புறம் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் பாத்தேன் மேடம்" என்றாள். குரல் இன்னும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. "பன்னெண்டு வருசமா நான்தான் பாத்துக்கினு இருந்தேன்."

மேடத்தின் கை டம்ளர் பக்கம் போனது. பாதி வழியில் நின்று, திரும்பி மடிக்கு வந்துவிட்டது. தங்கை போர்வையை விலக்கிவிட்டுக் காலைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் இருங்க மேடம். நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிடிக்கப் போன என் கையை, "விடுக்கா" என்று தள்ளிவிட்டாள். வலது காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, மூன்று நாற்காலிகளுக்கும் நடுவே நடந்தாள். அவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவசரமே இல்லாமல் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி வருகிறவரை நாங்கள் நாலு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.